பொறுப்பு நிற்க ஆளில்லாத பணம்

பல் வைத்தியரோடு பயணம் போவதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். பதுளை பஸ் நிலையத்தருகே ஒரு சின்னக் கடையில் தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் நான் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்க, டாக்டர் மகேசன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“ஏன் ஐசே வலப்பக்கத்தால மட்டும் சப்புறீர்?”

“பழக்கம் டாக்டர்.”

“பழக்கமில்லை, சொத்தை. லண்டனுக்குப் போனவுடன வாரும்.”

ரொட்டி வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஐயா பல்லு டாக்டருங்களா? இங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று குனிந்து வாயைத் திறந்தார். ஊரில் இறங்கிய களைப்பு ஆறுவதற்குள் டாக்டருக்கு முதல் நோயாளி கிடைத்துவிட்டார்.

நாங்கள் வந்தது பல்லுக்காக அல்ல, தேயிலைக்காக. எங்கள் இருவருக்கும் நண்பன் செல்வராஜ். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, லண்டனில் மளிகைக் கடை ஒன்றின் மேலாளராக இருப்பவன். ஊவாத் தேயிலையை வரவழைத்து, லண்டனில் கலந்து பொதி செய்து விற்க ஒரு கம்பெனி பதிவு செய்திருந்தான். இலையை அனுப்பவிருப்பவர் அவனுடைய அக்கா ராஜேஸ்வரி. குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை பார்த்த காசில் நமுனுகுல மலையடியில் ஒரு துண்டுக் காணி வாங்கி, தேயிலை நட்டு, இலையைப் பக்குவம் செய்ய ஒரு கொட்டகையும் போட்டுவிட்டார். இனிக் கம்பெனிக்கு முதல் வேண்டும். லண்டனில் பங்கு வாங்குவதாகச் சொன்ன நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: “டாக்டர் போட்டால் நாங்களும் போடுவோம்.” டாக்டரோ, “காணாத தேயிலைக்கு நான் காசு போடமாட்டன்” என்றார்.

ஆகவே அவர் ஒரு வாரம் முன்பே இலங்கை வந்து, யாழ்ப்பாணம் போய்விட்டு, பிறகு தேயிலையைப் பார்க்க வந்தார். கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நான் காகிதங்களுக்குக் காவலாக வந்தேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினால் கம்பெனி இல்லை. அக்காவின் கொட்டகை அந்தப் பருவத்தோடு மூடப்படும்.

இங்கிலாந்து அரசாங்கத்துக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. புதிதாக முளைக்கும் சின்னக் கம்பெனியில் ஒருவர் பங்கு வாங்கினால், போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவருடைய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. பதிலுக்கு அது கேட்பவை சில. பங்கை மூன்று ஆண்டுகளாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். வியாபாரம் பெரும்பாலும் இங்கிலாந்தில் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பணம் நிஜமாகவே போகக்கூடிய பணமாக இருக்க வேண்டும். ‘நட்டம் வந்தால் நான் தருகிறேன்’ என்று யாராவது பக்கத்தில் நின்றால் சலுகை கிடையாது. அப்படி யாரும் நிற்கவில்லை என்று வரி அலுவலகத்துக்கு எழுதி, முன்கூட்டியே சம்மதமும் வாங்கியிருந்தோம். எழுதியவன் நான்.

ஸ்பிரிங்வெளிப் பாதையில் திரீவீலர் ஏறியது என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு வளைவில் அது இருமியது, அடுத்த வளைவில் நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “ஐயாமாரு ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்குங்க. மேட்டுக்கு மேல ஏறிக்கலாம்” என்றார்.

“காசும் குடுத்து நடக்கவும் வேணுமோ?” என்றார் டாக்டர்.

“பொட்டி நோகாம வருதுல்லங்க, அதுக்குத்தான் காசு.”

நடந்தோம். இரண்டு பக்கமும் தேயிலை. வெயில் அடித்தும் சூடு இல்லை. மேற்கே எங்கோ மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி வந்த காற்று, இலைகளைப் புரட்டிப் புரட்டி அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டு போயிற்று. லண்டன் காற்று இப்படிப் படிக்காது. அவசரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகும்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். “யாரு வீட்டுக்குப் போறாங்க?” “நம்ம ராஜி அக்கா வீட்டுக்காத்தான் இருக்கும்.” நான் திருச்சிக்காரன். காவிரிக்கரையில் விட்டுவந்த பேச்சு, கடலைத் தாண்டி, மலையேறி, குளிருக்கு ஒரு கம்பளியும் போர்த்திக்கொண்டு இங்கே நின்றிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டருக்குத்தான் அது வெளியூர். பாதை சரிதானா என்று ஒருத்தி கேட்டதற்கு அவர், ஆமாம் என்பதைத் தம் ஊர் வழக்கில், “ஓம், ஓம்” என்றார். பாத்தி முழுக்கச் சிரிப்பு. “அடியே, ஐயா மந்திரம் சொல்றாரு, கும்புட்டுக்க!”

அக்கா வாசலில் நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். “வாங்க டாக்டரய்யா, வா தம்பி. நடந்தா வந்தீங்க? அந்த வண்டிக்காரன் யாரையும் ஏத்திட்டு வந்ததா சரித்திரமே இல்ல.” கணவர் முத்தையா தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் அறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேச்சு குறைவு. பேசினால் எங்காவது ஊசி இருக்கும்.

சோறு, லீக்ஸ் வதக்கல், உருளைக்கிழங்குக் குழம்பு, பொரித்த கருவாடு. டாக்டர் மூன்று முறை சோறு வாங்கினார். சாப்பிட்டபின் கொட்டகையைப் பார்க்கப் போனோம். சுத்தமாக இருந்தது. பேரமைதியாகவும் இருந்தது. இலை வாட்டும் நீளமான தொட்டிக்கு அடியில் காற்றை ஊத வேண்டிய மின்விசிறியில் மோட்டார் இல்லை.

“மோட்டர் எங்க?” என்றார் டாக்டர்.

“வெலிமடையில,” என்றார் முத்தையா. “எரிஞ்சு போச்சு. காயில் கட்டக் குடுத்திருக்கோம்.”

“காசு போட வாற ஆளுக்கு ஓடாத கொட்டிலைக் காட்டுறியள்.”

“ஓடுறதக் காட்டி காசு வாங்குனா, நின்ன பிறகு திட்டுவீங்க. இப்ப நிக்கிறத மொதல்ல பாத்துட்டீங்க. இனிமே ஓடுறதுதான பாக்கி?”

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பதா எரிந்து விழுவதா என்று தெரியவில்லை. முற்றத்தில் தனியே நின்றபோது மெதுவாகக் கேட்டார்: “ஐசே, ஆராவது பொறுப்பு நிண்டால் நல்லம்தானே? பென்சன் காசு இது.”

“நின்றால் வரிச்சலுகை இல்லை, டாக்டர். மற்றவர்களும் அதை நம்பித்தான் போடுகிறார்கள்.”

“அது எனக்கு விளங்குது. நெஞ்சுக்கு விளங்குதில்லை.”

மறுநாள் மோட்டாரை எடுத்துவர முத்தையா வெலிமடைக்குப் புறப்பட, டாக்டரும் கிளம்பிவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்கள் நாங்கள் இருவரும்; பார்க்கப் பல் இல்லாமல் அவராலும், நடக்கப் பாதை இல்லாமல் என்னாலும் முடியாது. நானும் கூடப் போனேன். வெலிமடை முழுக்க மண்வாசனை. உருளைக்கிழங்கு மூட்டைகள், கட்டுக் கட்டாக லீக்ஸ், கழுவிய கரட்டின் ஈரச் சிவப்பு. டாக்டர் ஒரு கரட்டை வாங்கிக் கடித்தார். “லண்டனில இதுக்கு நிறம் மட்டும்தான்” என்று அறிவித்துவிட்டு, இன்னொன்றை எனக்கு நீட்டினார். “இடப்பக்கத்தால கடியும், பாப்பம்.” நான் கடிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நடைவழியெல்லாம் காய்கறி மூட்டை. மோட்டாரைக் கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள் என்று முத்தையா பயந்தார். உட்கார இடம் கிடைத்தது டாக்டருக்கு மட்டும். ஆகவே பழைய கைலியில் சுற்றிய மோட்டார் அவர் மடிக்குப் போயிற்று. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா மூட்டையை எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல, பஸ்ஸின் பாதி சிரித்தது.

“என்னவாம்?” என்றார் டாக்டர்.

“புள்ள அப்பா மாதிரியே கனமா இருக்காம்,” என்று மொழிபெயர்த்தார் முத்தையா. கண்டக்டர் வந்தார். அவரும் சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். “புள்ளைன்னா டிக்கட் வேணாமாம். மோட்டர்னா வேணுமாம்.”

“புள்ளை எண்டு சொல்லும்,” என்றார் டாக்டர். வளைவுக்கு வளைவு அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். இறங்கும்போது கால்சட்டையில் பெரிய எண்ணெய்க் கறை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததை முத்தையா கவனித்தார், நானும்.

அன்று பிற்பகல் மோட்டார் பூட்டப்பட்டு மின்விசிறி சுழன்றது. பறித்து வந்த கொழுந்தைத் தொட்டியில் பரப்பினார்கள். வாடும் இலைக்கு ஒரு மணம் இருக்கிறது. உயிர் பிரிகிற மணம் அல்ல, பிடிவாதம் தளர்கிற மணம். பச்சை ஆப்பிளை நறுக்கியதுபோல முதலில் வரும். பிறகு இன்ன பூ என்று சொல்ல முடியாத ஒரு பூ. முந்தின வாரம் கையால் ஆக்கி வைத்திருந்த தேயிலையில் அக்கா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். சீனியைக் கையில் தந்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

டாக்டர் ஒரு மிடறு குடித்தார். சீனியைக் கடிக்க மறந்தார்.

“இந்த வாசம் என்ன போட்டு வாறது?”

“ஒண்ணும் போடலங்க,” என்றார் முத்தையா. “காத்துதான். இந்தக் காஞ்ச காத்து அடிச்சா இலையில இந்த வாசம் வரும். அடிக்கலேன்னா வெறும் சாயத்தண்ணி.”

“எந்த வருஷம் அடிக்கும் எண்டு முன்னமே தெரியுமோ?”

“தெரியுங்க. அடிச்ச பிறகு.”

டாக்டர் மறுபடியும் குடித்தார். போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தயக்கத்தை அக்கா தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார் என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை எங்களைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். கோயிலுக்கு என்றார்கள். கோயில் என்பது ஒரு மரம், அதன் அடியில் எண்ணெய் பூசிய கல், மூன்று சூலம். முனியாண்டி. காணிக்காரர்களும் லயத்து ஆட்களுமாக ஒரு சிறு கூட்டம் முன்பே வந்து நின்றது. அக்கா புதுச் சேலையில் இருந்தார். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு பொட்டலம் சூடம், மஞ்சள் துணியில் சுற்றிய காணி உறுதிப் பத்திரம்.

“டாக்டரய்யா,” என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. “எந்தம்பி கம்பெனிக்கு நீங்க காசு போட வந்திருக்கீங்க. எங்க ஆளுகள்ள பொறுப்பு நிக்க ஒருத்தர் இல்லாம கல்யாணமும் நடக்காது, கடைக்காரன் அரிசியும் குடுக்கமாட்டான். சீட்டுல ஒருத்தன் ஓடிட்டான்னா எங்கப்பா கட்டுனாரு. பொறுப்பு நின்னவரு அவரு. இதுக்கு நான் நிக்கிறேன். உங்க காசுக்குக் கொறச்சல் வந்தா இந்தக் காணி உங்களுக்கு. முனியாண்டி சாட்சியா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்.”

கூட்டத்தில் ஒரு முனகல், மெச்சுகிற முனகல். அக்கா குனிந்து கல்லின் முன்னால் சூடத்தை வைத்தார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கு விளங்கும்படியாக ஒருத்தி பேசிவிட்டாள். அவர் வாய் திறக்காமல் நின்றாலே போதும், சத்தியம் முடிந்துவிடும். லண்டனில் யாருக்கும் தெரியவும் போவதில்லை. அக்காவின் கை தீப்பெட்டிக்குப் போயிற்று.

“அக்கா, கொளுத்தாதீங்க,” என்றேன்.

இத்தனை பேர் முன்னால் ஒரு சத்தியத்தைத் தடுப்பது எவ்வளவு அசிங்கம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் தம்பி? எஞ்சொல்லு செல்லாதா?”

“செல்லும். அதுதான் கஷ்டம். நீங்க சத்தியம் பண்ணிட்டா டாக்டர் காசுக்கு ஆபத்து இல்லைன்னு ஆயிரும். ஆபத்து இல்லாத காசுக்கு அந்த அரசாங்கம் வரியைக் கழிக்காது. காசு போயிருமோங்கிற பயம் போட்டவருக்கு இருக்கணும். அந்தப் பயத்துக்குத்தான் சலுகை தர்றாங்க. பொறுப்பு நிக்க யாருமில்லைன்னு நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க நின்னா, நான் போய் அதையும் சொல்லணும்.”

“பயத்துக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?” என்றார் முத்தையா. “அப்படின்னா இந்த மலையில எல்லாரும் எப்பவோ லட்சாதிபதி ஆகியிருக்கணுமே!”

கூட்டம் குபீரென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “ஊரான் காச வாங்கிட்டு, போனா போச்சுன்னு நிக்கச் சொல்றியா? அது எங்களுக்குப் பழக்கமில்ல தம்பி. நாளைக்கு எவளாவது என்னையக் கள்ளின்னு சொல்லுவா.”

அப்போது டாக்டர் குனிந்து, தட்டிலிருந்த பத்திரத்தை எடுத்தார். அவர் அதை அக்காவின் கையில் வைத்தார்.

“இதைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ, தங்கச்சி. என்ர காணி யாழ்ப்பாணத்தில கிடக்கு. போன கிழமை போனனான். சண்டை இல்லை, பாதையும் திறந்துதான் கிடக்கு. ஆனா வளவுக்குள்ள ஆமி இருக்கு, போகேலாது. முள்ளுக்கம்பிக்கு இங்கால நிண்டு, என்ர பனை மரத்தின்ர தலையைப் பாத்திட்டு வந்தனான். உங்கட காணிக்கு இங்கால உங்களை நிக்க வைச்சிட்டு நான் அங்கால நிக்கிறதோ? ஏலாது.”

கூட்டத்திலிருந்த ஒரு பெண்தான் நடைமுறையைக் கிளப்பினாள். “அப்ப சூடத்த என்ன செய்றது? சத்தியத்துக்குன்னு சாமி முன்னால வச்சத கொளுத்தாம எடுக்கக் கூடாதே.”

“அதுவும் சரிதான்,” என்று இரண்டு மூன்று தலைகள் ஆடின. சட்டம் ஒரு பக்கம், முனியாண்டி ஒரு பக்கம். இரண்டுக்கும் விளக்கம் சொல்லத் தெரியாமல் நான் நடுவில்.

“தாங்கோ தீப்பெட்டியை,” என்றார் டாக்டர்.

எண்ணெய்க் கறை பிடித்த கால்சட்டையோடு மண்ணில் குந்தினார். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. “இந்தக் காசு போனால் போனதுதான். உங்களிட்டயும் கேக்க மாட்டன், உங்கட தம்பியிட்டயும் கேக்க மாட்டன்,” என்று சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்தார். அடித்த வேகத்தில், “ஆ! ஐயோ!” என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார். சத்தியம் பண்ணிப் பழக்கமில்லாதவர். அடித்ததும் எடுக்கத் தெரியவில்லை.

அக்கா அவர் கையையே பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார்.

“காசு குடுக்குறவரு சத்தியம் பண்றாரு, வாங்குறவ சும்மா நிக்கிறா. இது என்ன நாயம்?” பொட்டலத்திலிருந்து இன்னொரு சூடம் எடுத்தார். என் பக்கம் திரும்பினார். “காச திருப்பித் தர்றேன்னு சொல்லல, தம்பி. வேற சொல்லலாமில்ல?”

“என்ன சொல்லப் போறீங்கங்கிறதப் பொறுத்து, அக்கா.”

கொளுத்தினார். “நட்டம் வந்தா மறைக்க மாட்டேன். ஊருக்குத் தெரியறதுக்கு முந்தி டாக்டரய்யாவுக்குத் தெரியும்.” உள்ளங்கை பட்டதும் தீ அணைந்தது. அவருக்குச் சுடவில்லை.

மனதுக்குள் சட்டத்தை ஒருமுறை புரட்டினேன். உண்மை சொல்வதற்கு அதில் எங்கும் தடை இல்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் டாக்டரின் கையில் வெண்ணெய் பூசினார்கள். முந்தின நாள் இலை வாடித் தளர்ந்து, உருட்டக் காத்திருந்தது. முத்தையா இயந்திரத்தை ஓடவிட்டார். அந்த இரைச்சலுக்குள் டாக்டர் என்னை ஓரமாக இழுத்தார்.

“ஐசே, உண்மையைச் சொல்லும். போயிடுமோ?”

“போகலாம், டாக்டர்.”

“முழுக்கவோ?”

“முழுக்கவும் போகலாம்.”

தலையாட்டினார். பங்கு விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, தொட்டியின் விளிம்பில் வைத்து, சுட்ட கையால் பேனாவைப் பிடித்தார். கையெழுத்து கோணலாக விழுந்தது. மறுபக்கம் இலையைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டாக்டரய்யா,” என்றார். “குவைத்துக்குப் பிளேன் ஏறுனப்பக்கூட நான் பயப்படல. இப்பத்தான் பயமா இருக்கு.”

“எனக்கும்தான், தங்கச்சி,” என்றார் டாக்டர்.